மூச்சுக்கு ஒருவழிப் பாதை

மோட்டார் ஓடுகிறது, குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் எங்கள் ஊரில் அஞ்சாம் கிளாஸ் பையன்கூடச் சொல்லிவிடுவான், "புட் வால்வு போச்சு!" என்று. கிணற்றுக்குள் போகும் குழாயின் அடிக்கால் அது. தண்ணீரை மேலே விடும், கீழே விடாது. நடுவில் ஒரு குச்சியோ தவளைக் குஞ்சோ மாட்டினால் போச்சு. குழாயில் நிற்கும் தண்ணீரெல்லாம் கிணற்றுக்கே திரும்பிப் போய்விடும். அப்புறம் வாளி வாளியாக ஊற்றி, மோட்டாரைக் கெஞ்சி, கொஞ்சி, பக்கத்து வயல்காரரிடம் பேச்சும் வாங்கித்தான் பாசனம்.

வால்வு என்றதும் ஏதோ பெரிய இன்ஜினீயரிங் சமாசாரம் என்று மிரளவேண்டாம். நம்மைச் சுற்றி எங்கும் வால்வுதான். கொல்லன் துருத்தியில் தோல் மடல். பம்ப் ஸ்டவ்வில் வாசர். சைக்கிள் டயரில் அந்தக் காலத்து வால் டியூப் (அரை அணா சைஸ் ரப்பர் துண்டு. அது கிழிந்தால் பரீட்சைக்கு லேட்). நம் இதயத்திலேயே நாலு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே கொள்கை: "போகலாம், திரும்ப வரக்கூடாது."

எங்கள் ஊர் திருப்புட்குழி. காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகிற ரோட்டில் பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டினாற்போல் இருக்கிறது. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. ராமர் ஜடாயுவுக்கு ஈமக்கடன் செய்த இடம் என்று ஐதீகம். ராமானுஜர் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டதும் இங்கேதான் என்பார்கள். இவ்வளவு பெருமை இருந்தும் நான் வெளியூர்க்காரர்களிடம் முதலில் சொல்வது விஜயராகவப் பெருமாள் கோயில் குதிரை வாகனத்தைத்தான். கீல் குதிரை. மரத்தால் செய்து, மூட்டுக்கு மூட்டு கீல் வைத்து, அசைந்தால் நிஜக் குதிரை மாதிரியே அசையும். இதே மாதிரி இன்னொன்று செய்து தரச் சொல்லி வேறிடத்திலிருந்து கேட்டபோது, அந்தச் சிற்பி மாட்டேன் என்று உயிரையே விட்டாராம். அதனால் உற்சவத்தில் பெருமாளே அவர் வாழ்ந்த வீதிக்கு எழுந்தருளுகிறார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அசையும் பாகம் சரியாக அசையவேண்டும் என்பதற்கு உயிரைக் கொடுத்த ஊர் இது.

அந்த ஊருக்குத்தான், கடலிலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் ஊருக்கு, கடலில் போடுகிற முழுமுக மாஸ்க் ஒன்று வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவன் என் மச்சினன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. ஆபீஸ் நண்பர்கள் ஆறு பேர் அந்தமான் போகிறார்கள். ஹேவ்லாக் தீவு (2018-லிருந்து சுவராஜ் தீவு) கரையோரம் பவளப்பாறைகளைப் பார்த்தபடி மிதக்கப் போகிறார்களாம். யாரோ ஒருவர் இரண்டு தடவை போட்டுவிட்டு வைத்திருந்த மாஸ்க்கை 1,200 ரூபாய்க்குப் பேரம் பேசி வாங்கிவிட்டான்.

"மாமா, புதுசுன்னா இதைப்போல நாலு மடங்கு."

போட்டுக் காட்டினான். நெற்றியிலிருந்து தாடை வரை ஒரே கண்ணாடி. தலைக்கு மேல் யானைத் தும்பிக்கை மாதிரி குழாய். நெய்கிற வேலையைப் பாதியில் விட்டுவிட்டு எதிர்வீட்டு அண்ணன் வந்து பார்த்தார். குழந்தைகள் அழுதன. என் மனைவி மட்டும் "வெங்காயம் நறுக்க நல்லா இருக்குமே" என்றாள்.

பத்து நிமிஷம் போட்டுக்கொண்டு உலாத்தினான். கழற்றும்போது கண்ணாடியெல்லாம் பனி. "சும்மா ஏசி மாதிரி இருக்கு மாமா" என்றான். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"தலை வலிக்குதாடா?"

"லேசா. வெயில்ல வந்தேன்ல."

இங்கே கொஞ்சம் நின்று இந்த மாஸ்க்கின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். பாக்கியெல்லாம் இதில்தான் அடங்கியிருக்கிறது.

உள்ளே இரண்டு அறை. மேலே கண்ணுக்கு ஒரு பெரிய அறை. கீழே மூக்கையும் வாயையும் மூடுகிற சின்ன சிலிக்கான் கிண்ணம். நல்ல காற்று குழாயின் ஒரு பாதை வழியாக இறங்கி முதலில் கண் அறைக்கு வருகிறது. அங்கிருந்து கிண்ணத்தின் இரு பக்கமும் உள்ள இரண்டு சின்ன மடல்களைத் தள்ளித் திறந்துகொண்டு மூக்குக்கு வருகிறது. நாம் மூச்சை விட்டதும் அந்த இரண்டு மடல்களும் மூடிக்கொள்ளவேண்டும். விட்ட மூச்சு, ஓரத்து வேறு பாதைகள் வழியாக மேலே போய் வெளியேறவேண்டும். தாடைக்குக் கீழே இன்னொரு மடல். உள்ளே புகுந்த தண்ணீரை வெளியே தள்ள. குழாயின் உச்சியில் ஒரு மிதவை. அலை மேலே ஏறினால் அது எழும்பி வாயை அடைத்துக்கொள்ளும்.

ஆக, வருகிற காற்றுக்கு ஒரு ரோடு, போகிற காற்றுக்கு வேறு ரோடு. நடுவில் நிற்கும் டிராபிக் போலீஸ், எட்டணா அகலத்தில் ஒரு சிலிக்கான் வட்டம்.

அந்தப் போலீஸ்காரர் டீ குடிக்கப் போய்விட்டால்? நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதம். நாம் விடும் மூச்சில் சுமார் 4 சதவீதம். நூறு மடங்கு. மடல் சரியாக மூடாவிட்டால் விட்ட மூச்சு கண் அறைக்குப் போய்த் தங்கும். அடுத்த தடவை அதையே இழுப்போம். முதலில் தலைவலி, பிறகு மூச்சு வாங்கும். மூச்சு வாங்குகிறதே என்று இன்னும் வேகமாக இழுப்போம். அப்புறம் கிறுகிறுப்பு. பத்து சதவீதத்தை நெருங்கினால் நினைவே தப்பிவிடும். தரையில் என்றால் கழற்றி எறிந்துவிட்டு ஒரு சோடா குடிக்கலாம். தண்ணீரில் முகம் கீழே பார்த்து மிதப்பவனை, "ஆஹா, மீன் பார்க்கிறான் பாரு" என்று கரையில் இருப்பவர்கள் ரசித்துக்கொண்டிருப்பார்கள்.

அந்தப் பனி இருக்கிறதே, அதுதான் துப்பு. வெளிக்காற்று மட்டும் கண் அறைக்கு வந்தால் கண்ணாடி அவ்வளவாகப் பனிக்காது. நுரையீரலின் ஈரத்தோடு வரும் காற்று அங்கே போனால்தான் பனிக்கும். கிண்ணம் மூக்கில் சரியாக உட்காரவில்லை, இல்லையென்றால் மடல் சரியில்லை.

மறுநாள் எங்கள் மோட்டாரைப் பார்க்க பம்ப்செட் மெக்கானிக் வந்திருந்தார். ஏழெட்டு கிராமத்துக் கிணறுகளுக்கு அவர்தான் டாக்டர். மாஸ்க்கைக் கையில் கொடுத்தேன். மூன்று நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னா சார், இது நம்ம புட் வால்வுதானே! நாலஞ்சு போட்டிருக்கான்."

வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். இடது மடல் தட்டையாக, நிலாப்போல உட்கார்ந்திருந்தது. வலது மடலின் ஓரம் பொரித்த அப்பளம் மாதிரி மேலே சுருண்டிருந்தது. பழைய சொந்தக்காரர் பெட்டியில் துணிமணிக்கு அடியில் மாசக்கணக்காக அமுக்கி வைத்திருப்பார்போல. அப்புறம் மெக்கானிக் செய்த சோதனையைப் பார்த்து நான் அசந்துவிட்டேன். கண் அறைப் பக்கமிருந்து மடலை லேசாக ஊதினார், திறந்தது. கிண்ணத்துப் பக்கமிருந்து ஊதினார். இடது மடல் மூடிக்கொண்டது, வலதில் புஸ்ஸென்று காற்று போனது. "இது ரிட்டன் அடிக்குது தம்பி. இதுல போனா நீயும் ரிட்டன் ஆகமாட்ட" என்றார். மச்சினன் முகம் மாஸ்க் இல்லாமலேயே வெளிறியது.

மிச்சச் சோதனைகளைக் கிணற்றடியிலேயே ஆரம்பித்தோம். நீங்களும் சொந்த மாஸ்க்கோ வாடகை மாஸ்க்கோ போடுமுன் செய்துவிடலாம். கால் மணி ஆகாது. பட்டையைத் தலையில் மாட்டாமல் மாஸ்க்கைக் கையால் முகத்தில் அழுத்திப் பிடியுங்கள். குழாயின் வாயை இன்னொரு கையால் பொத்திக்கொண்டு லேசாக இழுங்கள். முகத்தோடு கப்பென்று ஒட்டவேண்டும், துளி காற்று வரக்கூடாது. தாடைப் பக்கம் உஸ் என்றால் கீழ் மடல் கோளாறு. கன்னத்திலோ நெற்றியிலோ வந்தால் மாஸ்க்கின் ஓரம் சரியாகப் பொருந்தவில்லை. உடனே கையை எடுத்துவிடுங்கள். தாடி இருந்தால் இந்தப் பரீட்சையில் பாஸாகவே முடியாது. மாலை போட்டு நாற்பத்தெட்டு நாள் வளர்த்த தாடியோடு சபரிமலையிலிருந்து நேரே அந்தமான் போகிறவர்கள் வழியில் ஒரு சலூனில் இறங்குவது உத்தமம். தலைமுடி ஒரு இழை ஓரத்தில் மாட்டினாலும் தண்ணீர் வரும். மூக்குக்கண்ணாடியும் உள்ளே ஆகாது.

குழாயின் உச்சி மிதவையைத் தலைகீழாகத் திருப்பினால் 'டொக்'கென்று விழுந்து அடைக்கவேண்டும், நிமிர்த்தினால் தானாகத் திறக்கவேண்டும். உப்புப் பூத்து ஒட்டிக்கொண்டிருந்தால் அது இரண்டு விதத்திலும் ஆபத்து. அடைக்காவிட்டால் தண்ணீர் வரும், திறக்காவிட்டால் காற்று வராது.

பிறகு பக்கெட். தாடை மடல் மட்டும் முழுகும்படி மாஸ்க்கைத் தண்ணீரில் வைத்து ஐந்து நிமிஷம் விடுங்கள். உள்ளே தண்ணீர் ஊறி ஏறக்கூடாது. மாஸ்க்குக்குள் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி வெளியே தூக்கினால் அந்த மடல் வழியாக வடிந்து போகவேண்டும். எங்கள் பக்கெட் சோதனையில் கீழ் மடல் முதல் வகுப்பில் தேறியது. நாலு சப்ஜெக்ட்டில் பாஸ், ஒன்றில் பெயில் என்றால் காலேஜில் அரியர்ஸ் எழுதலாம். இதில் முடியாது.

கடைசியாகத்தான் தலையில் மாட்டுவது. நிழலில் உட்கார்ந்து, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு, ஐந்து நிமிஷம். பனி, தலைவலி, மூச்சு போதவில்லை என்ற உணர்வு - எது வந்தாலும் கழற்று. "கடல்ல சரியாயிடும்" என்பது கடலில் சரியாகாது. அங்கே கை கால் அடிக்கும்போது இன்னும் அதிகக் காற்று கேட்கும். கூடவே, தாடைக்குக் கீழே கட்டைவிரலை விட்டு ஒரே இழுப்பில் கழற்றிப் பழகிக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தடவை. பட்டையை, கல்யாணத்தில் பந்தல்காரர் முடிச்சுப் போடுவதுபோல் இறுக்கிவிட்டால் அவசரத்துக்கு வராது.

சரி, கோளாறு தெரிந்துவிட்டது. ரிப்பேர்?

இங்கேதான் தமிழன் மூளை வேலை செய்ய ஆரம்பிக்கும். எதிர்வீட்டு அண்ணன் சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டிப் போடலாம் என்றார். மச்சினன் பெவிக்விக் தேடினான். என் மனைவி தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தாள் (ஸ்டவ் வாசருக்கு அதுதானே வைத்தியம்). மூன்றும் கூடாது. வாசர் என்பது தோல், எண்ணெய் குடித்தால் மெத்தென்று ஆகும். இது முடி கனத்தில் ஒரு சிலிக்கான் தகடு. எண்ணெய் பட்டால் மணல், தூசி எல்லாம் வந்து ஒட்டும். பசை ஒரு சொட்டு விளிம்பில் பட்டாலும் மடல் பாதி திறந்தே நிற்கும், அல்லது திறக்கவே திறக்காது. நீங்கள் செய்யக்கூடியது இவ்வளவுதான்: நல்ல தண்ணீரில் அலசுவது, மணலோ முடியோ இருந்தால் மெத்தென்ற பிரஷ்ஷால் தள்ளுவது, நடுக்காம்பு தன் துளையில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது, நிழலில் உலர்த்துவது. ஊக்கு, ஊசி, நகம் எதுவும் வேண்டாம். அலசிய பிறகும் சுருள் நிமிரவில்லையென்றால் அதே கம்பெனி, அதே மாடலின் மடல் வாங்கி மாற்றலாம். கிடைக்கவில்லையா? மாஸ்க்கின் ஆயுள் முடிந்தது.

எங்கள் மடல் நிமிரவில்லை. விற்றவரிடம் கேட்டதற்கு அந்த மாடலே இப்போது வருவதில்லை என்று பதில்.

"மாமா, ஒரு மடல்தானே. இன்னொண்ணு நல்லா இருக்கே. 1,200 ரூபா மாமா!"

முத்துக் குளித்த காலத்தில் தூத்துக்குடிப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு என்பார்கள். கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு ஆழத்துக்கு இறங்குபவனின் கயிற்றை மேலே படகில் பிடித்திருப்பவன் பெரும்பாலும் அவன் மைத்துனன்தானாம். கீழிருந்து ஒரு இழுப்பு வந்ததும் உயிரைக் கொடுத்து மேலே தூக்குவான், தன் கூடப்பிறந்தவள் தாலி அது என்பதால். 1961-ல் தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்து முடிந்தது. எங்கள் விஷயத்தில் உறவு தலைகீழ். முழுகப் போகிறவன் என் மனைவியின் தம்பி. ஆனாலும் அவன் அக்கா என்னைச் சும்மா விடுவாளா?

கயிறு என் கையில்தான் இருந்தது. கத்தரிக்கோலை எடுத்து மாஸ்க்கின் பட்டைகளை வெட்டிவிட்டேன். குழந்தைகள்கூட எடுத்து மாட்டிக்கொள்ளக்கூடாது அல்லவா? இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை. வெங்காயத் திட்டமும் போச்சு.

இன்னொன்றையும் சொல்லிவிடவேண்டும். இந்த மாதிரி மாஸ்க் மேலே மிதக்கத்தான். இதைப் போட்டுக்கொண்டு கீழே முழுகக்கூடாது. காதில் அழுத்தம் கூடும்போது மூக்கைப் பிடித்து ஊதச் சாதாரணமாக இதில் வழியில்லை. சிலிண்டர் கட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போகிறவர்களின் முழுமுக மாஸ்க் வேறு சாதி. அதில் டிமாண்ட் வால்வு இருக்கும். இழுத்தால் மட்டும் காற்று தரும், நிறுத்தினால் நிறுத்தும். அதன் கதையே சுவாரஸ்யம். இரண்டாம் உலக யுத்தத்தில் பிரான்சில் பெட்ரோல் பஞ்சம். காரை எரிவாயுவில் ஓட்ட எமில் கான்யான் என்ற இன்ஜினீயர் ஒரு வால்வு செய்து வைத்திருந்தார். ஜாக் கூஸ்தோ போய், "இதே மாதிரி மனுஷனுக்குக் காற்று கொடுக்கமுடியுமா?" என்று கேட்டார். 1943-ல் இருவரும் அதைத் தண்ணீருக்குள் இறக்கிக் காட்டினார்கள். இன்றைய ஸ்கூபாவெல்லாம் அந்தக் கார் வால்வின் பேரப்பிள்ளைகள்தான்.

அந்த வகை மாஸ்க்குகள் பலவற்றில் வெளிக்காற்றுக்கு என்று தனி வால்வு ஒன்று உண்டு. கரையில் காத்திருக்கும்போது சிலிண்டர் தீராமலிருக்கத் திறந்து வைப்பார்கள். இறங்குமுன் மூடவேண்டும். மறந்தால் தண்ணீர் வரும். மேலேயிருந்து குழாய் வழியாகக் காற்று வாங்குகிறவர்களுக்கு மாஸ்க் வாயிலில் திரும்பாத வால்வு ஒன்று கட்டாயம். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதுபோல் இரண்டு மடங்கு. மேலே குழாய் அறுந்துபோய், அந்த வால்வும் பிடிக்காவிட்டால், மாஸ்க்குக்குள் இருக்கும் காற்றையெல்லாம் குழாய் உறிஞ்சிக்கொள்ளும், ஆளின் முகத்தோடு சேர்த்து. பழைய ஹெல்மெட் காலத்தில் இப்படிச் செத்தவர்கள் உண்டு. அதனால்தான் ஒவ்வொரு தடவை இறங்குமுன்னும் அதை வாயால் இழுத்துப் பார்ப்பார்கள். ஊதினால் போகணும், இழுத்தால் வரக்கூடாது. எங்கள் மெக்கானிக் செய்த அதே சோதனை.

நம் கடலோரத்தில் சங்கு எடுக்க இறங்குகிறவர்களில் சிலர் படகில் ஒரு கம்ப்ரஸரை வைத்து, நீளக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்குகிறார்கள். பஞ்சர் கடைக்குச் செய்த மிஷின் அது. இன்ஜின் புகை காற்று இழுக்கும் வாய்க்குப் பக்கத்தில் வந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே போகும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அவர்கள் பாடு தனிக் கட்டுரைக்கு ஆகும். நாம் ஹாலிடேக்குப் போகிறோம், அவர்கள் சோற்றுக்கு.

மிதக்கும் மாஸ்க்கையும் ஒரேயடியாகக் குறை சொல்லக்கூடாது. 2020 மார்ச்சில் இத்தாலியின் பிரெஷியா பகுதியில் கொரோனா தலைவிரித்து ஆடியபோது ஆஸ்பத்திரிகளில் மூச்சுக்கருவிகள் போதவில்லை. ரெனாட்டோ பவேரோ என்ற டாக்டருக்கு ஒரு யோசனை தோன்றியது. இசின்னோவா என்ற சின்னக் கம்பெனியின் கிறிஸ்டியான் பிரகாஸி, டெகாத்லான் கடையில் விற்கும் இதே மாதிரி மாஸ்க்கை ஆஸ்பத்திரி ஆக்ஸிஜன் குழாயோடு சேர்க்க ஒரு இணைப்பை வரைந்து, முப்பரிமாண பிரிண்டரில் அச்சடித்தார். சார்லட் வால்வு என்று பெயர். வரைபடத்தை உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். மீன் பார்க்கச் செய்த மாஸ்க், ஆஸ்பத்திரி வார்டுக்குப் போனது. குதிரையை இன்னொருவருக்குச் செய்து தரமாட்டேன் என்ற எங்கள் ஊர்ச் சிற்பிக்கு நேர் எதிர். இருவர்மேலும் எனக்கு மரியாதைதான்.

மச்சினன் அந்தமானுக்குக் கிளம்பும்போது மாஸ்க் இல்லாமல்தான் போனான். மூன்றாம் நாள் ராத்திரி போன்.

"மாமா, இங்க ஒரு கடையில வாடகைக்கு எடுத்தோம். வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தேன், ஊதிப் பார்த்தேன், பக்கெட் கேட்டேன். கடைக்காரன் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"அப்புறம்?"

"மொதல் ரெண்டும் பெயில் மாமா. மூணாவதுதான் பாஸ். இப்ப கூட வந்தவங்க அஞ்சு பேரும் அவங்க மாஸ்க்க என்கிட்ட குடுத்து ஊதிப் பார்க்கச் சொல்றாங்க. வாயெல்லாம் ஒரே உப்பு."